சார்ஜென்ட் முனிரத்தினத்தின் முட்டி

முனிரத்தினம் மாடிப்படி ஏறிய சத்தத்திலேயே கிறிஸ்டிக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஷூ சத்தம் ஒரே சீராகத் தடதடவென்று மேலே வந்தது. கடைசிப் படியில் நின்றது. பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். கூட வந்த மச்சான் விக்கியின் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, முகத்தில் ஒரு சுளிப்பு.

சேலையூரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது அவளுடைய பிசியோதெரபி கிளினிக். அதற்கு முன்பு நாவலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் ஆட்களின் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சில வருஷம் இருந்தாள். வலியைப் பற்றிப் பொய் சொல்லாத மனிதனை இதுவரை பார்த்ததில்லை என்பாள். வீட்டில் ஒரு நாள்கூடக் காலைத் தூக்காமல் “டெய்லி செய்றேன் மேடம்” என்று சத்தியம் செய்யும் பேங்க் மேனேஜர், மருமகள் கூட வந்தால் மட்டும் முனகுகிற மாமியார் எல்லாரும் அவளுக்குப் பழக்கம். ஆனால் கதவுக்கு வெளியே நல்ல காலும் கதவுக்கு உள்ளே நொண்டிக் காலும் வைத்திருப்பவனை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“விமானப்படையில சார்ஜென்ட், மேடம். நம்ம குன்றத்தூரு,” என்று விக்கி பெருமையாக அறிமுகம் செய்தான். “மாமாவுக்கு முட்டி ஃபுல்லா போச்சு.”

கட்டிலில் படுக்கச் சொன்னாள். பேன்ட்டை மடித்துவிட்டு முட்டிச் சில்லின் ஓரத்தில் விரலை வைத்தாள். அமுக்கக்கூட இல்லை.

“அய்யோ! இன்னா மேடம் இப்டி அமுக்குறீங்கோ, உயிர் போவுது!”

“அப்படியா,” என்றாள் கிறிஸ்டி. “வீடு குன்றத்தூர்லயா சார்?”

“வூடு அங்கதான். இப்போ பள்ளிக்கரணையில ஒரு பிளாட்டு கட்டிக்கினு கீறோம். அப்பா நெலம். நாலு மாடி.” தலையைத் தூக்கி விக்கியைப் பார்த்தான். “டேய், அந்த மேஸ்திரி இன்னிக்கி வந்தானா? நேத்து செங்கல்லு இறங்கலன்னு கதை வுட்டுக்கினு இருந்தான்.”

மேஸ்திரியைப் பற்றி அவன் விக்கியைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கிறிஸ்டி அவனுடைய வலது முட்டியை மெதுவாக மடக்கினாள். குதிகால் பிட்டத்தைத் தொடும்வரை மடக்கினாள். நீட்டினாள். உள்ளே திருப்பினாள், வெளியே திருப்பினாள். சில்லை நாலு பக்கமும் அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். மேஸ்திரியின் மேல் இருந்த கோபத்தில் முனிரத்தினம் ஒன்றையும் கவனிக்கவில்லை. தொடை இரண்டும் ஒரே பருமன். கல்லு மாதிரி தொடை.

“எந்திரிங்க சார். முட்டியில ஒண்ணும் இல்லை.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். விக்கியை வெளியே போகச் சொன்னான். பிறகு சிரித்தான். பிடிபட்டவனின் சிரிப்பு இல்லை. கடைக்காரனிடம் விலை பேசப் போகிறவனின் சிரிப்பு.

“மேடம், நீங்க படிச்சவங்கோ, உங்களுக்கு மறைச்சு இன்னா ஆவப் போவுது? வடக்கால, மலை மேல போஸ்டிங் போட்டுட்டான். நான் போய்ட்டா அந்த மேஸ்திரி என்னை முழுங்கி ஏப்பம் வுட்டுடுவான். இவன் விக்கி ஒரு வெத்துவேட்டு. நீங்க ரெண்டே ரெண்டு லைன் எழுதிக் குடுங்கோ. முட்டி சரியில்ல, படி ஏறக் கூடாது, குளிர் ஆவாதுன்னு. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

“கீழே இறங்குறப்போ நொண்டணும், மறந்துடாதீங்க,” என்றாள் கிறிஸ்டி. “வர்றப்போ மறந்துட்டீங்க.”

அப்படிப்பட்டவர்களை அவமானப்படுத்துவது சுலபமில்லை. ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், உள்ளே இறங்காது. அவன் “பரவால்ல மேடம், வேற ஆளு கீறாங்கோ” என்று அன்பாகவே சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தாண்டும்வரை அழகாக நொண்டிக்கொண்டு போனான். வரவேற்பில் இருந்த தீபா எழுந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். “பாவம்க்கா, மிலிட்டரிக்காரர்,” என்றாள்.

“ஆமாம், ரொம்பப் பாவம்,” என்றாள் கிறிஸ்டி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அதே விமானப்படை முகாமிலிருந்து இன்னொருவனும் அவளிடம் வந்துகொண்டிருந்தான். கார்ப்பரல் லாசரஸ். வண்டிகள் பழுது பார்க்கும் பிரிவில், முனிரத்தினத்துக்குக் கீழே வேலை. மனைவி சானடோரியம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். பொங்கல் முடிந்ததிலிருந்தே வருகிறான். சீருடையில் வந்ததில்லை. பைக்கைக் கிளினிக் முன்னால் நிறுத்தாமல் பின்பக்கச் சந்தில் நிறுத்திவிட்டு வருவான்.

அவனுடைய முட்டிகள் உண்மையிலேயே நொந்துபோனவை. வருஷக்கணக்காகத் தார் ரோட்டில் ஓடியதும், லாரிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து வேலை செய்ததும் சேர்ந்து சில்லுக்குப் பின்னால் வலியாக உட்கார்ந்திருந்தது. ஏறும்போது பல்லைக் கடித்து ஏறிவிடுவான். இறங்கும்போதுதான் முகம் வெளுக்கும். முகாம் டாக்டரிடம் அவன் போகவில்லை. போனால் உடல் தகுதிக்குப் போடுகிற மெடிக்கல் கேட்டகரி இறங்கும். இறங்கினால் அடுத்த வருஷம் வர வேண்டிய சார்ஜென்ட் பதவி தள்ளிப் போகும். அதனால் காலையில் ஐந்து மணிக்கு எல்லாரோடும் ஓடிவிட்டு, மாலையில் திருடன் மாதிரி இங்கே வந்து காலை நீட்டுவான்.

கிறிஸ்டிக்கு அவன் மேலும் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. இல்லாத வலியைச் சொல்கிறவன் ஒரு பொய்யன் என்றால், இருக்கிற வலியை மறைக்கிறவன் மட்டும் யாராம்? “உங்க முட்டியை நீங்களே அரைச்சு, அந்த சார்ஜென்ட் பட்டையைக் கையில ஒட்டிக்கப் போறீங்க,” என்று அவனிடம் நேராகவே சொல்லியிருந்தாள். அவன் “சரி மேடம்” என்பான். எதற்கும் சரி மேடம்தான். ஆனால் சொன்ன பயிற்சியைச் செய்துவிட்டு வந்தான். அது ஒன்றுக்காகத்தான் அவனைத் துரத்தாமல் வைத்திருந்தாள்.

ஜூலை மாதம் ஒரு நாள் அவன் வந்து, பயிற்சி எதுவும் தொடங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“மேடம், எனக்குப் போஸ்டிங் வந்திருக்கு. மலை மேல. எங்க சார்ஜென்ட் ஒருத்தர் போக வேண்டியது. அவருக்கு முட்டி ரொம்ப மோசமாம், எலும்பு டாக்டர் லெட்டர் குடுத்திருக்காராம். அதனால அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுட்டாங்க. என் பேப்பர்ல முட்டி நல்லா இருக்கு இல்ல?”

கிறிஸ்டி கையிலிருந்த டவலை மடிப்பதை நிறுத்தினாள்.

“அந்த சார்ஜென்ட் பேரு முனிரத்தினமா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் டவலை மடித்து முடித்தாள். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொரு நோயாளியிடம் சொல்வதில்லை என்பது அவள் வைத்திருந்த சில நல்ல பழக்கங்களில் ஒன்று. அந்த நிமிஷம் அந்தப் பழக்கத்தின் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“இப்பவாவது போய் உண்மையைச் சொல்லுங்க. எனக்கும் வலி இருக்கு, ஆறு மாசமா வைத்தியம் பாக்கிறேன்னு சொல்லுங்க. நான் வந்து சொல்றேன்.”

“நேத்து வாரன்ட் ஆஃபீசர்கிட்ட லேசா ஆரம்பிச்சேன் மேடம். சிரிச்சிட்டார். ‘என்னப்பா, ஆர்டர் வந்தா ஒவ்வொருத்தனுக்கா முட்டி போகுது? இது தொத்து வியாதியா?’ன்னு கேட்டார். பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க.” லாசரஸ் தரையைப் பார்த்தான். “அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல. முனிரத்தினம் சார் பேரையும் என் பேரையும் யாரும் ஒண்ணாச் சேர்த்துச் சொல்லக் கூடாது மேடம். வலிச்சாப் பரவாயில்லை. அதைத் தாங்க முடியாது.”

“பெரிய கவுரவம்,” என்றாள் கிறிஸ்டி. “பேன்ட்டை மடிங்க.”

அன்றைக்கு அவன் முட்டிகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல முதலிலிருந்து பரிசோதித்தாள். சவ்வு கிழிந்திருந்தால், வீக்கம் இருந்திருந்தால், அவன் தடுத்தாலும் அவளே போய் அந்த வாரன்ட் ஆஃபீசர் முன்னால் நின்றிருப்பாள். அப்படி எதுவும் இல்லை. தாங்குகிற சுமைக்கு ஏற்ற பலம் தொடைக்கும் இடுப்புக்கும் இல்லை, அவ்வளவுதான். அதை உண்டாக்க முடியும். ஆள் உழைத்தால் முடியும்.

“செப்டம்பர் வரைக்கும் நேரம் இருக்கு. காலை ஓட்டத்தைப் பாதியாக் குறைச்சுக்குங்க. என்ன சொல்லிக் குறைப்பீங்களோ எனக்குத் தெரியாது, பொய் சொல்றதுதான் உங்க எல்லாருக்கும் நல்லா வருமே. நான் சொல்றதைத் தினமும் செய்யணும். வலிச்சா எவ்வளவு வலிக்குதுன்னு உண்மையைச் சொல்லணும். ஒரு தடவை ‘பரவாயில்லை மேடம்’னு சொன்னாலும் வெளியே அனுப்பிடுவேன்.”

“சரி மேடம்.”

அப்படித்தான் தொடங்கியது. படிக்கட்டு உயரப் பலகை மேல் ஒரு காலில் நின்று, மற்றொரு காலை மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு மீண்டும் ஏற வேண்டும். பார்க்கிறவனுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும், செய்கிறவனுக்குத் தொடை எரியும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் கிறிஸ்டி ஸ்கேலால் தட்டுவாள். ஆடி பிறந்ததும் முதுகில் மணல் பையோடு அதையே செய்யச் சொன்னாள். ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் பல்லாவரம் மலைக்குப் போய் ஏறி இறங்கச் சொன்னாள். முதல் ஞாயிறு இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு ஒரு ஞாயிறு உட்காராமல் இறங்கியதாகச் சொன்னான். சொன்னபோது அவன் சிரித்ததை அவள் கவனிக்காதவள் மாதிரி இருந்துகொண்டாள்.

இந்த நேரத்தில்தான் முனிரத்தினம் மறுபடி வந்தான். இம்முறை முட்டியில் கறுப்பாக ஒரு நீ-கேப் மாட்டியிருந்தான், அதுவும் பேன்ட்டுக்கு மேலே.

“போஸ்டிங்கு நின்னுடுச்சு மேடம். முருகன் கண்ணைத் தொறந்துட்டான். ஆனா ஒரு பேஜாரு. பிசியோவுக்குப் போய்க்கினு இருக்கேன்னு காட்டணுமாம். வாரத்துக்கு ஒரு வாட்டி வந்தா மாதிரி...”

“வந்தா மாதிரி எல்லாம் இல்லை. வலின்னு சொல்றீங்க, வைத்தியம் பாக்க நான் இருக்கேன். சுவத்துல முதுகைச் சாய்ங்க. நாற்காலியில உக்காந்த மாதிரி கீழே இறங்குங்க. நாற்காலி கிடையாது.”

சிறிது நேரத்தில் அவனுடைய தொடை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. “மேடம், போதும் மேடம்” என்றான். கிறிஸ்டி ஜன்னலுக்கு வெளியே கேம்ப் ரோட்டு டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில், இல்லாத நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தபோது, லாசரஸ் உள்ளே வந்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“டேய் லாசரு! நீ இன்னா இங்க?”

“முட்டி வலி சார்.”

“நெசமாவா?” என்று கேட்டான் முனிரத்தினம்.

அப்படி ஒரு ஆச்சரியத்தைக் கிறிஸ்டி எந்த முகத்திலும் கண்டதில்லை. முட்டி என்று ஒன்று உண்மையிலேயே வலிக்கக்கூடும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. சுவரில் சறுக்கித் தரையில் உட்கார்ந்தே விட்டான். லாசரஸ் மணல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பலகை மேல் ஏறினான்.

முனிரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்ய ஆசைப்பட்டான். “அட லூசு, முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் போன டாக்டர் நம்பர் தரேன், எழுதிக்கோ. தங்கமான ஆளு. ஸ்கேனைக் கூடப் பாக்க மாட்டான், கேட்டதை எழுதிக் குடுப்பான். நீயும் நின்னுக்கலாம்.”

“அவர்கிட்ட பொய்க்குத்தான் சார் மருந்து இருக்கும். எனக்கு வலிக்குது.”

“சரி, போய்ட்டுத்தான் வாயேன். நல்ல ஊராம். ஆப்பிள்லாம் சீப்பாக் கெடைக்குமாம்.” கிறிஸ்டியின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். “பொழைக்கத் தெரியாத புள்ள மேடம்.”

அவன் போன பிறகும் லாசரஸ் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

“ஒரு அறை விட்டிருக்கலாம்,” என்றாள் கிறிஸ்டி.

“சீனியர் மேடம்.”

“நான் விட்டிருக்கலாம்னு சொன்னேன்.”

லாசரஸ் செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பிப் போனான். கடைசி நாள் பெரிய பேச்சு எதுவும் இல்லை. கிளினிக் மாடிப்படியில் முதுகுச் சுமையோடு இறங்கிக் காட்டினான். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கிறிஸ்டி மேலே நின்று அவன் முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணாமல் இறங்கியது.

அடுத்த கிருத்திகை முடிந்த மறுநாள் காலை தீபா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கும் குன்றத்தூர்தான்.

“அக்கா, இதைப் பாருங்களேன். நம்ம மிலிட்டரி சார்.”

விக்கி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். குன்றத்தூர் மலைக் கோயில் படிக்கட்டு. மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று முட்டியால் ஒவ்வொரு கருங்கல் படியாக ஏறிக்கொண்டிருந்தான் முனிரத்தினம். பக்கத்தில் அவன் மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். பின்னால் விக்கியின் குரல்: “அரோகரா! மாமா, கேமராவைப் பாரு!” கீழே, “போஸ்டிங் கேன்சல் வேண்டுதல் நிறைவேறியது” என்று எழுதி, கும்பிடுகிற கைகள் நாலு.

கிறிஸ்டி அதை இரண்டாவது முறை போடச் சொல்லிப் பார்த்தாள். முட்டி வலிக்கிறது என்று சொல்லித் தப்பித்ததற்கு முட்டியாலேயே நன்றிக்கடன். கடவுளிடம்கூட அவன் கூச்சப்படவில்லை. முருகன் இதைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்தாள். அவள் வேதக்காரிதான் என்றாலும் அவருக்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அந்த வாரமே முனிரத்தினம் வந்தான். இம்முறை மாடிப்படியில் ஷூ சத்தம் சீராகக் கேட்கவில்லை. விக்கியும் மெடிக்கல் ஷாப் பையனும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். கண் கலங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து லுங்கியை விலக்கினான். இரண்டு முட்டியும் பன்னு மாதிரி வீங்கி, மேல்தோல் உரிந்து, வலது பக்கம் செக்கச் சிவந்து பளபளவென்று இருந்தது. கிறிஸ்டி புறங்கையை அருகில் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே சூடு தெரிந்தது.

“காய்ச்சல் இருக்கா?”

“ராத்திரியெல்லாம் குளிரு மேடம். இப்போ நெசமாவே வலிக்குது மேடம். அம்மா சத்தியமா.”

“தெரியுது,” என்றாள். “சில்லுக்கு முன்னாடி ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். அது நசுங்கி, காயம் வழியாக் கிருமி போயிருக்கு. சீழ் பிடிக்குது. இது நான் கை வைக்கிற விஷயம் இல்லை. இன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டணும். உங்க முகாம் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

முனிரத்தினத்தின் முகம் மாறியது. “அங்க வேணாம் மேடம். அங்க போனா எப்டி ஆச்சுன்னு கேப்பாங்கோ. நீங்களே ஒரு கரண்டு வச்சு, ஒரு கட்டுப் போட்டு...”

“தள்ளிப் போட்டா ரத்தத்துல கலந்துடும்.”

அவன் அழுதான். வலியால் பாதி, பயத்தால் பாதி. அவள் தண்ணீர் கொடுத்தாள். காயத்தைச் சுத்தம் செய்து மெல்லிய துணி போட்டாள். தீபாவிடம் ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தாள். கொஞ்சமாவது இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடியும் பார்த்தாள். வரலாம் போலத்தான் இருந்தது. அப்போது அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

“மேடம், ஸ்கூட்டர்ல இருந்து வுழுந்துட்டேன்னு சொன்னா நம்புவாங்களா?”

வர இருந்தது திரும்பிப் போய்விட்டது.

“உங்க இஷ்டம். ஆட்டோ வந்துடுச்சு.”

பிறகு நடந்ததெல்லாம், லாசரஸ் முகாம் நண்பர்களிடம் கேட்டுப் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். முனிரத்தினம் ஸ்கூட்டர் கதையைத்தான் சொன்னானாம். இரண்டு முட்டியும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் தேயும்படி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவனைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றாராம் டாக்டர். அதற்குள் விக்கியின் ஸ்டேட்டஸ் பிரிவில் இருந்த எல்லார் போனிலும் சுற்றி வந்திருந்தது. வாரன்ட் ஆஃபீசரே அதைப் பார்த்துவிட்டார். இம்முறை அவர் சிரிக்கவில்லையாம். சீழ் எடுத்து, காயம் ஆறி, விசாரணை முடிந்ததும், நின்றுபோன ஆர்டர் திரும்ப எழுந்து வந்தது. லாசரஸைத் திருப்பி அனுப்ப அல்ல. அங்கே ஆள் பற்றாக்குறை, இருவருமே வேண்டியிருந்தது.

டிசம்பரில் ஒரு மத்தியானம், பேங்க் மேனேஜர் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்வதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, லாசரஸ் கூப்பிட்டான். போனில் காற்று இரைந்தது.

“முட்டி எப்படி?” என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“குளிர்ல காலையில கொஞ்சம் இறுக்கமா இருக்கு மேடம். பத்துக்கு ரெண்டுன்னு சொல்லலாம். இறங்கறப்போ வலி இல்லை. நான் எனக்காகக் கூப்பிடல. முனிரத்தினம் சார் வந்து சேர்ந்துட்டார். அவருக்கு நிஜமாவே இறங்க முடியல. நீ-கேப்பைக் கழட்டாம மாசக்கணக்கா நொண்டிக்கிட்டே இருந்ததுல, அப்புறம் படுக்கையில கிடந்ததுல, தொடை ரெண்டும் சூம்பிப் போச்சு. என்ன பயிற்சி குடுக்கலாம்?”

கிறிஸ்டிக்குக் காது சுட்டது. “உங்களுக்கு வெக்கமே கிடையாதா லாசரஸ்? அந்த ஆளால தான் நீங்க அங்க இருக்கீங்க. அவனுக்கு வைத்தியம் கேட்டு எனக்கே போன் பண்றீங்க. இந்த நல்லவன் வேஷமெல்லாம் சர்ச்சுல வச்சுக்குங்க.”

“நல்லவன் எல்லாம் இல்லை மேடம்,” என்றான் லாசரஸ் நிதானமாக. “அவரால வண்டிக்கு அடியில போக முடியல. அவர் வேலையும் நான்தான் செய்றேன். என்னை ஒரு தடவை ஏமாத்தினது போதும். அவர் எழுந்து நடக்கணும், அவர் பங்கு லாரியை அவரே கழட்டணும். அதுக்குத்தான்.”

கிறிஸ்டி போனை மறு காதுக்கு மாற்றினாள். ஏழெட்டு மாதம் “சரி மேடம்” என்று மட்டும் சொன்னவனிடமிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முதல்முறையாக அவனை அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது.

“சரி,” என்றாள். “ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போடுங்க. மூஞ்சியைக் காட்ட வேண்டாம். முட்டியை மட்டும் காட்டுங்க.”